ஆவாரையே செத்துப்போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

தோட்டக்குருவி | ஏப்ரல் 9

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பார்கள். எங்கள் வீட்டில் ஆவாரையே மூன்று முறை செத்துவிட்டது.

வீட்டு முன்பக்கம் பத்தடிக்கு ஆறடி இடம், மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் கொளுத்தும். ரோஜா, செம்பருத்தி எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. கோடையில் நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் கருகிக் கிடக்கும். அதனால்தான் நம் ஊர்க் காட்டுச் செடியாக ஒன்று வைப்போம் என்று ஆவாரையைத் தேர்ந்தெடுத்தேன். தார் உருகுகிற வெயிலில், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல், ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிற செடிதானே!

மூன்றும் நாற்றுப் பண்ணையில் வாங்கிய நாற்றுகள். முதல் இரண்டையும் குழி எடுத்து, பாதி மண், பாதி தொழு உரம் போட்டு நட்டேன். கீழ் இலையிலிருந்து மஞ்சளாகி, மூன்று வாரத்தில் மொத்தமும் உதிர்ந்தது. மண்ணை ஒட்டிய தண்டு கறுத்துவிட்டது. சரி, தண்ணீர்தான் கூடிவிட்டது என்று மூன்றாவதற்கு நட்ட அன்று ஊற்றியதோடு சரி. பத்தே நாள், குச்சியாகிவிட்டது.

ஊற்றினாலும் சாகிறது, ஊற்றாவிட்டாலும் சாகிறது. என்னதான் வேண்டுமாம் இதற்கு?

மொட்டைமாடி | ஏப்ரல் 9

நான் மாடியில் தொட்டியிலேயே வைத்திருக்கிறேன், நான்கு வருடமாக நன்றாக இருக்கிறது. மண் மாற்றிப் பாருங்களேன்.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 9

செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்தீர்களா தம்பி? இலையைப் பார்த்துக் காரணம் தேடுவதைவிட வேரைப் பார்த்தால் வேலை சீக்கிரம் முடியும். தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தோட்டக்குருவி | ஏப்ரல் 10

பிடுங்கினேன் அண்ணா. மூன்றாவது செடி இன்னும் மண்ணில்தான் இருந்தது. இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது. நாற்று வந்த பையின் அடிப்பக்கம் எந்த அளவு வட்டமோ அதே வட்டத்தில் ஆணிவேர் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது, சும்மாடு கட்டிய மாதிரி. நட்ட மண்ணுக்குள் ஒரு வேர்கூட இறங்கவில்லை.

இரண்டாவது செடி குப்பை மூலையில் கிடந்தது. அதன் வேரை விரலால் உருவினால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். சாக்கடை வாடை வேறு.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 10

அப்படியென்றால் இரண்டு சாவு, இரண்டு வெவ்வேறு காரணம்.

அழுகிய வேரை முதலில் பார்ப்போம். பாதிக்குப் பாதி எரு போட்ட குழி கடற்பஞ்சு மாதிரி. சுற்றிலும் இறுகிய மண், நடுவில் மட்டும் பொலபொலவென்று எரு. ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் அங்கேயே தங்கும். ஆவாரை வளர்ந்த இடமெல்லாம் சரளை, செம்மண், கரம்பு. வேருக்குக் காற்று வேண்டும் அதற்கு. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டிச் சாகும், பிறகு பூஞ்சை வந்து மிச்சத்தைத் தின்னும்.

இனி சுருண்ட வேர். வறட்சி தாங்கும் செடி என்று சொல்கிறோமே, அந்தத் தாங்கும் சக்தி பெரும்பாலும் ஆணிவேரில் இருக்கிறது. ரோட்டோரச் செடி தண்ணீர் இல்லாமல் வாழவில்லை தம்பி. நம் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் குடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் நாற்றின் வேர் ஒரு சாண் பைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில் அதை நட்டு, "நீ காட்டுச் செடி, பிழைத்துக்கொள்" என்றால் எப்படிப் பிழைக்கும்? பிறந்த குழந்தையை ஓடச் சொன்ன மாதிரி.

வேர் இறங்கும்வரை இதுவும் மற்ற செடிகளைப் போல ஒரு செடிதான்.

மழைக்காகம் | ஏப்ரல் 10

நான் இதைவிடப் பெரிய தப்பு செய்தவன். நாற்றெல்லாம் எதற்கு என்று தரிசில் நின்ற இரண்டடிச் செடியைத் தோண்டப் போனேன். கடப்பாரையால் ஒரு முழம் தோண்டினேன். வேர் விரல் தடிமனில் இன்னும் நேராகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பொறுமை போய் வெட்டி எடுத்து வந்து நட்டேன். எட்டு நாள். அங்கே பத்து வருடம் நின்றிருக்க வேண்டிய செடி. யாரும் செய்யாதீர்கள்.

விதைப்பெட்டி | ஏப்ரல் 11

விதை போடுங்கள் குருவி. இருக்கப்போகும் இடத்திலேயே போடுங்கள். இதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இப்போது வேண்டாம். புரட்டாசி கடைசியில், பருவமழை பிடிப்பதற்குச் சற்று முன்னால் போட்டால் மழைக்காலம் முழுவதும் வேர் இறங்க அவகாசம் கிடைக்கும். அடுத்த கோடை வரும்போது செடி கொஞ்சம் ஆழம் பார்த்திருக்கும்.

அதுவரை விதை சேகரியுங்கள். காய் பட்டையாக, தாள் மாதிரி மெல்லியதாக, பழுப்பு நிறத்தில் காய்ந்து தொங்கும். ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும். அந்தப் பக்குவத்தில் பறிக்கவேண்டும். பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்தால் பாதி விதை சுருங்கிப்போகும்.

விதைத்தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ பார்த்துக்கொள்ளலாம் என்று மண்ணுக்குள் படுத்துக்கொள்ளும். காட்டில் அது நல்ல தந்திரம், ஒரே மழையை நம்பி எல்லாம் முளைத்து, மழை பொய்த்தால் வம்சமே போய்விடும் அல்லவா. நமக்குத்தான் பொறுமை இல்லை.

தோட்டக்குருவி | ஏப்ரல் 11

விதையை வேகவைக்க வேண்டும் என்று எங்கோ படித்தேனே அக்கா?

விதைப்பெட்டி | ஏப்ரல் 11

ஐயோ, வேகவைத்தால் சுண்டல்தான்! தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அப்புறம் விதையை அதில் போட்டு, அப்படியே ஆறவிடுங்கள். ஒரு இரவு ஊறட்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி இரண்டு மடங்காகியிருக்கும், சில போட்டது போட்டபடி இருக்கும். உப்பியதை உடனே விதையுங்கள். உப்பாததை மறுபடி ஒருமுறை வெந்நீரில் போடலாம்.

என் வழி வேறு. நான் நகவெட்டிதான். விதையின் ஒரு முனை கூராக இருக்கும், முளை வருவது அந்தப் பக்கம். அதைத் தொடாமல் எதிர்முனையில் தோலை மட்டும் ஒரு சிட்டிகை கிள்ளிவிடுவேன். உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவு தெரிந்தால் போதும். பத்து இருபது விதைக்கு இது சரி. நூறு விதை என்றால் உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள், கை வலி என் பொறுப்பு இல்லை.

மண்வெட்டி | ஏப்ரல் 12

எல்லோரும் ஆளுக்கொரு வித்தை சொல்கிறீர்கள். எங்கள் தோட்டத்து வேலியில் யார் நகவெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்? தானாக வந்தது, தானாக நிற்கிறது. இதற்கு இவ்வளவு பேச்சு தேவையா?

மழைக்காகம் | ஏப்ரல் 12

உங்கள் வேலியில் நிற்கிற ஒரு செடிக்கு முளைக்காமலும் முளைத்துச் செத்தும் போனவை எத்தனை என்று யாரும் எண்ணவில்லை அண்ணா. குருவிக்குப் பத்தடி இடம்தான் இருக்கிறது.

மண்வெட்டி | ஏப்ரல் 12

அதுவும் சரிதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். இது பயறு இனம். வேரில் தழைச்சத்து சேர்க்கும். பக்கத்தில் என்ன செடி வைத்தாலும் நன்றாக வரும்.

இலைச்சருகு | ஏப்ரல் 12

பயறு குடும்பம் என்பது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அந்த வேலை செய்வதில்லை. அவரை, தட்டைப்பயறு, அகத்தி வேரைப் பிடுங்கினால் சின்னச் சின்ன முண்டு இருக்கும், அதற்குள் உள்ள பாக்டீரியாதான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. ஆவாரை சேர்ந்த சென்னா இனச் செடிகளில் பொதுவாக வேர்முண்டு கிடையாது. நீங்களே ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்.

ஆவாரந்தழையை வெட்டி வயலில் போட்டு மிதிப்பார்களே, அது தழை மக்குவதால் வருகிற சத்து. வேர் செய்கிற வேலை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

மண்வெட்டி | ஏப்ரல் 13

பிடுங்கிப் பார்த்தேன். முண்டு இல்லை. இத்தனை வருடமாக எல்லோரிடமும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதுமண் | ஏப்ரல் 20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வாசலில் ஒரு ஆவாரை தானாக முளைத்து ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. பூ மஞ்சளாக, புனல் மாதிரி கொத்துக் கொத்தாக இருக்கிறது. இலை ஓரத்தில் ரம்பம் மாதிரி பல். இதிலிருந்து விதை எடுத்துக் குருவிக்கு அனுப்பலாமா?

இலைச்சருகு | ஏப்ரல் 20

அனுப்ப வேண்டாம், அது ஆவாரை இல்லை. புனல் வடிவப் பூவும் பல்வைத்த இலையும் என்றால் டெகோமா. அமெரிக்கக் கண்டத்துச் செடி. அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது தானாகவும் பரவுகிறது.

ஆவாரையில் ஐந்து இதழ், ஒவ்வொன்றும் தனித்தனி, லேசாகக் கசங்கிய பட்டுத் துணி மாதிரி. அதுவும் சந்தேகம் என்றால் இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி வட்டமாக ஒரு சிற்றிலை ஒட்டிக்கொண்டிருக்கும். பல செடிகளில் இந்த இலையடிச் செதில் கண்ணுக்கே தெரியாமல் உதிர்ந்துவிடும். இதில் பெரியதாக, விழாமல் நிற்கும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது ஆரிகுலாட்டா என்றதே அந்தக் காதை வைத்துத்தான். காது இருந்தால் ஆவாரை. பொன்னாவிரை, தகரை, சரக்கொன்றை எதிலும் அந்தக் காது கிடையாது.

புதுமண் | ஏப்ரல் 20

காது இல்லை. இரண்டு வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆவாரை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

மொட்டைமாடி | ஏப்ரல் 21

என் தொட்டிச் செடியைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. இடம் இல்லாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள்.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 21

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கருத்து, தொட்டியில் வைத்தால் வறட்சி தாங்கும் செடி என்று எதுவும் கிடையாது. கீழே போக வழி இல்லாத வேர் எதை வைத்துத் தாங்கும்?

மொட்டைமாடி | ஏப்ரல் 21

ஒத்துக்கொள்கிறேன். கோடையில் நான் ஒன்றுவிட்ட ஒரு நாள் தண்ணீர் விடத்தான் செய்கிறேன். பழைய நீல டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் எட்டு ஓட்டை போட்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் சரளையும் சமமாகக் கலந்து போட்டேன். எரு வெறும் இரண்டு கைப்பிடி. செடி மூன்றடிக்கு மேல் வரவில்லை. ஆனால் பூக்கிறது. தண்ணீர் சேமிக்க வேண்டும் என்றால் தொட்டி வேண்டாம். ஆவாரம்பூ பார்க்கவேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள்.

தோட்டக்குருவி | ஏப்ரல் 22

எனக்குத் தரைதான். இன்னொரு சந்தேகம். முளைத்தபின் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்? "கொஞ்சமாக" என்று சொல்லாதீர்கள், எனக்குக் கொஞ்சம் என்றால் ஒரு வாளி.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 22

வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்களே, அதேதான். ஊற்றும்போது ஆழமாக நனைய ஊற்றவேண்டும், அப்புறம் மேல்மண் நன்றாகக் காயவிட வேண்டும். தினமும் ஒரு செம்பு தெளித்தால் மேலே இரண்டு விரற்கடை மட்டும் நனையும். வேரும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஈரம் கீழே போனால்தான் வேர் அதைத் தேடிக் கீழே போகும்.

மழை இல்லாத நாட்களில் முதல் மாதம் நான்கைந்து நாளைக்கு ஒருமுறை. அப்புறம் வாரம் ஒருமுறை, அப்புறம் பத்துப் பதினைந்து நாள். முதல் கோடையில் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கோடையில் செடி வாடினால் மட்டும். அதற்குப் பிறகு குழாயை அந்தப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். நாள் கணக்கைவிட விரலை நம்புங்கள். விரலை விட்டுப் பார்த்து ஈரம் தட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குழியில் எரு வேண்டாம். வெட்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். களிமண்ணாக இருந்தால் மணலும் சரளையும் கலந்து, அரையடி மேடாக்கி அதன்மேல் போடுங்கள். மண்ணை மூடிச் சருகு, தழை என்று மூடாக்குப் போட்டால் தண்டை ஒட்டி ஒரு சாண் விட்டுப் போடுங்கள். செடிக்குச் செடி நான்கடியாவது இடைவெளி.

தோட்டக்குருவி | நவம்பர் 3

நீண்ட நாள் கழித்து வருகிறேன். புரட்டாசி கடைசி வாரத்தில் மூன்று இடத்தில், இடத்துக்கு மூன்று விதை போட்டேன். நகவெட்டி முறை. ஒன்பதில் ஏழு முளைத்தது, முதல் முளை ஆறாம் நாள். ஒவ்வொரு இடத்திலும் திடமாக இருப்பதை விட்டுவிட்டு மற்றதை வேரோடு இழுக்காமல் கத்தரித்துவிட்டேன்.

இப்போது நடந்த கூத்தைக் கேளுங்கள். நான் விரல் விட்டுப் பார்க்கிறேன், ஐந்து நாள் கழித்தும் ஈரம். மழையும் இல்லை. ஏழாம் நாளும் ஈரம். இந்த மண்ணுக்கு என்ன வந்தது என்று விடியற்காலையில் எழுந்து பார்த்தால், அப்பா குடத்தோடு நிற்கிறார். "பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாமல் கொல்கிறாயே" என்று என்னையே திட்டுகிறார். அப்போதுதான் உறைத்தது. போன முறை செத்த இரண்டுக்கும் நான் காலையில் ஊற்றினேன், எனக்குத் தெரியாமல் அவரும் ஊற்றியிருக்கிறார்.

மழைக்காகம் | நவம்பர் 3

அப்பாவுக்குத் தனியாக ஒரு வாழை வைத்துக் கொடுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாது.

தோட்டக்குருவி | நவம்பர் 4

பின்பக்கம் வைத்தாயிற்று!

தோட்டக்குருவி | ஜனவரி 18

அவசரம். மூன்றும் முழங்கால் உயரம். ஆனால் நடுச்செடியில் இலையெல்லாம் காணோம், காம்பு மட்டும் நிற்கிறது. திருப்பிப் பார்த்தால் பச்சைப் புழு, இலைநரம்பு எது புழு எது என்றே தெரியவில்லை. இன்னொரு செடியில் எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது, மாவுப்பூச்சி இருக்கும் போல. வேப்பெண்ணெய் கரைசல் அடிக்கட்டுமா?

இலைச்சருகு | ஜனவரி 18

வேண்டாம், வேண்டாம், கையைக் கீழே போடுங்கள்.

புழு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அல்லது எமிகிரன்ட் என்கிற வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கும். இரண்டும் ஆவாரை, கொன்றை வகையில் முட்டையிடும். காட்டுச் செடி வைக்கிறோம் என்றால் அதைத் தின்ன வருகிறவர்களையும் சேர்த்துத்தான் வைக்கிறோம். நீங்கள் வைத்த ரோஜாவில் ஒரு வண்ணத்துப்பூச்சியாவது முட்டையிட்டதா? செடி மறுபடி துளிர்க்கும். முழங்கால் உயரம் வந்த செடி இதற்கெல்லாம் சாகாது. ரொம்பச் சின்ன நாற்றாக இருந்தால் மட்டும் புழுவைப் பொறுக்கிப் பக்கத்துச் செடியில் விடலாம்.

எறும்பைப் பற்றி: இலைக்காம்பில், எதிரெதிர்ச் சிற்றிலை சேருகிற இடத்தில், ஊசிமாதிரி சின்னதாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அது தேன்சுரப்பி. பூவில் இல்லாத தேன் இலையில் இருக்கிறது! எறும்பு அதற்காக ஏறுகிறது. ஏறுகிற எறும்பு புழுவின் முட்டையையும் சில சமயம் தூக்கிக்கொண்டு போகும். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது இருந்தால்தான் மாவுப்பூச்சி. இருக்கிறதா?

தோட்டக்குருவி | ஜனவரி 18

பஞ்சு இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அந்த முனையில் எறும்பு வாயை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. எண்ணெயை உள்ளே வைத்துவிட்டேன்.

விதைப்பெட்டி | ஜனவரி 19

பூவில் தேன் இல்லையா? அப்புறம் எங்கள் செடியில் அவ்வளவு பெரிய கருவண்டு என்னத்துக்கு வருகிறது?

இலைச்சருகு | ஜனவரி 19

மகரந்தத்துக்கு. பூவுக்குள் மகரந்தத்தாள் பத்து இருக்கும், மேலே உள்ள மூன்றும் மலடு. மற்றவற்றின் மகரந்தப்பை சாதாரணப் பூ மாதிரி பிளந்து கொட்டாது. நுனியில் துளை மட்டும்தான், உப்புக் குப்பி மாதிரி. கருவண்டு, அதாவது தச்சன் வண்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியாகப் பொடியாகக் கொட்டும். பறக்கும்போது வருகிற ரீங்காரம் வேறு, பூவில் உட்கார்ந்ததும் 'ட்ஜ்ஜ்' என்று சட்டென்று மாறுகிற சத்தம் வேறு. நம் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது, கீழே சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

அதனால் காய்ந்த மரக்கட்டை ஒன்றைத் தோட்டத்து மூலையில் போட்டு வையுங்கள். தச்சன் வண்டு அதைக் குடைந்துதான் குடியிருக்கும். வண்டு இல்லாவிட்டால் பூ நிறைய இருக்கும், காய் அரிதாகத்தான் இருக்கும்.

மொட்டைமாடி | ஜனவரி 20

என் மாடிச் செடி நான்கு வருடமாக ஏன் இரண்டு மூன்று காயோடு நிற்கிறது என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

தோட்டக்குருவி | நவம்பர் 22

பத்து மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கோடையில் ஒரு செடி போய்விட்டது, சுவரை ஒட்டி நின்றது. சுவர்ச்சூடா, அஸ்திவாரக் கல்லில் வேர் முட்டியதா தெரியவில்லை. மற்ற இரண்டும் நான்கடி. மே மாதம் முழுவதும் மூன்றே முறைதான் தண்ணீர். ஆடியில் முதல் பூ வந்தது, இப்போது காய்.

கவாத்து எப்போது செய்யலாம்? ஒரு பக்கமாகச் சாய்ந்து வழியை மறைக்கிறது.

கரிசல்காட்டான் | நவம்பர் 22

காய் முற்றி முடிந்ததும் இரண்டடி விட்டு வெட்டிவிடுங்கள். பயப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் தோல் பதனிடப் பட்டைக்காக இதைத் தூரோடு வெட்டுவார்கள், மறுபடி தழைத்து வரும். புதுக் கிளை நுனியில்தான் பூக்கும், ஆகவே வெட்டினால் புதராகி இன்னும் நிறையப் பூக்கும். வெட்டிய தழையை எறியாதீர்கள், அங்கேயே மூடாக்காகப் போடுங்கள்.

புதுமண் | நவம்பர் 23

டெகோமாவை எடுத்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் விதை தருவீர்களா குருவி?

தோட்டக்குருவி | நவம்பர் 29

இன்றைக்கு முதல் காயை உடைத்துப் பார்த்தேன். பதினான்கு விதை. நான்கில் குண்டூசி அளவு ஓட்டை, ஒன்றிலிருந்து குட்டி வண்டு ஒன்று வெளியே நடந்து வந்தது. மிச்சம் பத்தையும் தண்ணீரில் போட்டேன், மூன்று மிதந்தது. மூழ்கிய ஏழில் நான்கு உங்களுக்கு. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஓட்டை விதையைத் தனியாக மூடி வைத்திருக்கிறேன், இல்லையென்றால் மற்றதையும் காலி செய்துவிடும் போல.

நகவெட்டி உங்களிடம் இருக்கிறதா?